மரநிழலில் படுத்திருப்பவன்

டோர்ட்மண்ட்
14.04.2019

அன்புள்ள தம்பி சுரேனுக்கு,

வருடப்பிறப்பு நாளில் எழுதுகிறேன். நானும் அத்தானும் மகள் கவிசாவும் சுகம். அத்தானின் முதுகு நோ மட்டும் விட்டபாடில்லை. உனக்கு இருமல் விட்டதா? அந்த ஹைமில், அகதிகள் விடுதியில், வெந்நீர் ஒழுங்காக வருகிறதா?

இதென்ன இந்தக் காலத்தில் கடிதம் என்று நினைப்பாய். போனில் கதைத்தால் “சாப்பிட்டாச்சு அக்கா, நித்திரை கொண்டாச்சு அக்கா” என்பதோடு நீ முடித்துவிடுகிறாய். அறையில் ஆறு பேர் என்கிறாய். அவர்களுக்குத் தமிழ் தெரியாதுதானே என்றால் சிரிக்கிறாய். கடிதம் என்றால் ஆறுதலாக இருந்து எழுதலாம்.

எனக்கு வேலை மாறிவிட்டது. முதியோர் இல்லத்துச் சமையலறையை விட்டுவிட்டு ஒரு மியூசியத்தில் காவலுக்கு நிற்கிறேன். கறுப்புச் சட்டை, கழுத்தில் அட்டை. படங்களை ஒருவரும் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நாங்களாக ஆட்களோடு கதைக்கக் கூடாது. கழிவறை எங்கே என்று கேட்டால் காட்டலாம்.

நான் காவல் நிற்கும் அறையில் ஒரு பெரிய எண்ணெய் வண்ண ஓவியம் இருக்கிறது. வரைந்தவர் டென்மார்க்காரர், பெயர் கிறிஸ்ரியன். கடைசிப் பெயர் என் வாயில் வராது. வரைந்திருப்பது இத்தாலி நாட்டுப்புறம். காய்ந்த வயல், தூசி பறக்கும் ஒரு பாதை, இரண்டு வெள்ளை மாடு, தூரத்தில் நீல மலை. பார்த்தவுடன் உன் நினைவு வந்தது. நீ ஒரு வருடம் இருந்த நாடு இப்படித்தானா? கடையில் அதன் பட அட்டை விற்கிறார்கள், ஒன்று வைத்திருக்கிறேன். சுவரில் ஒட்டி வை.

அம்மா அடிக்கடி போன் எடுத்து உன்னைக் கேட்கிறா. விசாரணைக்கு உனக்குத் தந்த நாள், அந்த ரெர்மின், எப்படிப் போனது என்று எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா சாரங்கா


சாக்சனி
05.05.2019

அன்புள்ள அக்கா,

கடிதமும் பார்சலும் கிடைத்தன. மிளகாய்த்தூள் பொதியை வாசலில் நிற்கும் காவலாளி மணந்து பார்த்துத் தும்மிவிட்டுத்தான் தந்தார். எனக்கு இருமல் விட்டுவிட்டது. அத்தானைப் பாரம் தூக்க விடாதேங்கோ.

படத்தைப் பார்த்தேன். புல்லின் நிறம் சரி. ஆனி பிறந்தால் அப்படித்தான் ஆகும், மஞ்சளும் இல்லை, வெள்ளையும் இல்லை. ஆனால் வரைந்தவர் நிழலில் இருந்துதான் வரைந்திருக்க வேண்டும். வெயிலில் நிற்பவனுக்கு மலை தெரியாது.

பக்கத்துக் கட்டில் எரித்திரியாக்காரன் அந்த அட்டையைக் கேட்டான், கொடுத்துவிட்டேன். கோபிக்காதேங்கோ.

ரெர்மின் முடிந்தது. எந்த வழியாக வந்தாய், எங்கே கைரேகை கொடுத்தாய் என்று கேட்டார்கள். சொன்னேன். வேறு பிரச்சினை ஒன்றும் இல்லை.

கவிசாவுக்கு என் அன்பு.
சுரேன்


டோர்ட்மண்ட்
19.05.2019

அன்புள்ள தம்பிக்கு,

இருமல் விட்டது சந்தோசம். இங்கே அத்தான் பாரம் தூக்காமல் எப்படி வேலை செய்வது? களஞ்சியத்தில் வேலை என்றால் தூக்கத்தானே வேண்டும்.

அட்டையைக் கொடுத்துவிட்டாய், அதனாலென்ன. ஒரு விசயம் எழுதுகிறேன். நேற்று ஒரு வழிகாட்டி ஆட்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார், நானும் கேட்டேன். அந்த டென்மார்க்காரர் அழகுக்காக ஒன்றையும் கூட்டி வரையவில்லையாம். கண்ணால் கண்டதை அப்படியே வரைந்தாராம். வயலில் இருந்தே வண்ணம் பூசியதால் சில இடங்களில் மணல் துகள்கூட ஒட்டியிருக்கிறதாம்.

அவர்கள் போன பிறகு கிட்டப் போய்ப் பார்த்தேன். வயலில் கூலியாட்கள் வரிசையாகக் குனிந்து நிற்கிறார்கள். அவர்களுக்குத் தள்ளி ஒரு மரம். அதன் கீழே ஒருவன் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு படுத்திருக்கிறான். விரல் நீளம்கூட இல்லை, அட்டையில் அவன் தெரியவே மாட்டான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஒரு குட்டி நித்திரை போலிருக்கிறது. அத்தானுக்குச் சொன்னேன். “குடுத்து வைச்சவன், அவனுக்கு முதுகு நோ இல்லை” என்றார். கால் உளைந்தால் நான் அவனைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

ஒன்று கேட்கட்டுமா? இத்தாலியில் உனக்கு வேலை இருந்தது. போன ஆவணியில் அதை விட்டுவிட்டு ஒரு சொல் சொல்லாமல் இங்கே வந்து நின்றாய். ஏன் என்று நான் கேட்கவே இல்லை. இப்போது கேட்கிறேன்.

பதில் எழுது.
அக்கா


சாக்சனி
30.06.2019

அன்புள்ள அக்கா,

பதில் எழுதப் பிந்திவிட்டது. காய்ச்சல் வந்து கிடந்தேன், இப்போது சுகம். நீங்களெல்லோரும் சுகமாக இருப்பீர்களென்று நம்புகிறேன்.

அந்தப் படத்தில் மரத்தின் கீழே படுத்திருப்பவனுக்குப் பக்கத்தில் தண்ணீர் ஏதாவது இருக்கிறதா? குடம், போத்தல், எதுவானாலும். காலில் சப்பாத்து போட்டிருக்கிறானா? வேலை செய்பவர்களில் யாராவது அவன் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்களா? வேலைக்குப் போகும்போது வடிவாகப் பார்த்து எழுதுங்கோ.

இங்கே வெயில் தொடங்கிவிட்டது. போன கிழமை எனக்கு மஞ்சள் உறையில் ஒரு கடிதம் வந்தது. எல்லாம் ஜெர்மனில் இருக்கிறது. யாரிடமாவது காட்ட வேண்டும்.

சுரேன்


டோர்ட்மண்ட்
06.07.2019

அன்புள்ள தம்பிக்கு,

புதன்கிழமை போனில் உன் மேல் கத்தியதை மனதில் வைத்திராதே. மஞ்சள் உறை என்று வாசித்தவுடன் போனைத்தான் எடுத்தேன். இந்த நாட்டில் மஞ்சள் உறையென்றால் அது வந்த நாளிலிருந்து தவணை ஓடத் தொடங்கிவிடும். அது உனக்குத் தெரியாது. உனக்குச் சொல்லி வைக்காதது நான்.

அந்தக் கடிதத்தை நீ போனில் படமெடுத்து அனுப்பியதோடு வெரோனிக்காவிடம் போனேன். அகதிகளுக்கு ஆலோசனை சொல்லும் அலுவலகத்தில் இருக்கிறா, நல்ல மனுசி. வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தா. நீ முதலில் கைரேகை கொடுத்த நாடு இத்தாலி, அதனால் உன்னை அங்கேயே திருப்பி அனுப்புவது என்று முடிவெடுத்திருக்கிறார்கள். எதிர்த்து வழக்குப் போட ஒரு கிழமைதான், ஏழே நாள்தான் தவணை. அது முடிந்துவிட்டது.

“காய்ச்சலாய்க் கிடந்தவன், வாசிக்க ஏலாமல் போச்சு” என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். கோர்ட்டுக்கு எழுதிப் பார்க்கலாம், ஆனால் அதைவிடப் பெரிய காரணம் வேண்டும் என்றா. இத்தாலிக்குத் திரும்பிப் போக முடியாதபடி உங்கள் தம்பிக்கு அங்கே ஏதாவது நடந்ததா என்று கேட்டா. எனக்குத் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஒரு வயிற்றில் பிறந்த பிள்ளைகள் நாங்கள்.

நீ கேட்டதைப் பார்த்தேன். தண்ணீர் ஒன்றும் இல்லை. சப்பாத்து போட்டபடிதான் படுத்திருக்கிறான். ஒருவரும் அவன் பக்கம் பார்க்கவில்லை.

என்ன நடந்தது சுரேன்? போனில் வேண்டாம். எழுது.
அக்கா


சாக்சனி
21.07.2019

அன்புள்ள அக்கா,

நான் சுகம். நீங்கள் எனக்காக அலைவதை நினைத்தால் சாப்பாடு இறங்குதில்லை.

துவாரகன் என்று ஒருவன். பருத்தித்துறைப் பக்கம். லிபியாவில் கண்டு பழகி, ஒரே படகில் வந்து, ஒரே வயலில் வேலைக்குச் சேர்ந்தோம். என்னிலும் இளையவன். வேலை செய்யும்போதும் வாய் ஓயாது. ஊரில் இருக்கும் தன் நாயைப் பற்றியே கதைப்பான்.

தக்காளி ஆய்கிற வேலை. இவ்வளவு பெட்டி நிரப்பினால் இவ்வளவு என்று கூலி. எங்களை வைத்து வேலை வாங்கும் கங்காணிதான் வான் வண்டியில் ஏற்றி வருவான், ஏற்றிப் போவான். தண்ணீர்க் கலனும் அந்த வானில்தான். போன ஆடியில் ஒரு நாள் கங்காணியின் ஆள் ஒருவன் வானை எடுத்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டான். வெயில் ஏற ஏறத் துவாரகன் கதைப்பதை நிறுத்தினான். பிறகு சத்தி எடுத்தான், காலையில் சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்தது. பிறகு வரிசைக்குள்ளேயே விழுந்தான்.

நானும் ஒரு பஞ்சாபிக்காரரும் தூக்கிக்கொண்டு போய் மரத்தின் கீழே கிடத்தினோம். உடம்பு கொதித்தது. வேர்வையே இல்லை. கங்காணியிடம் வாகனத்தைக் கூப்பிடச் சொன்னேன். “விடு, நித்திரை கொண்டிட்டு எழும்புவான்” என்றான். அவன் கையில் போன் இருந்தது. எடுக்கவில்லை.

நான் பெரிய றோட்டுக்கு ஓடினேன். வந்த கார்களுக்கெல்லாம் கையைக் காட்டினேன். என் கையும் சட்டையும் தக்காளிச் சாறு. இரத்தமென்று நினைத்திருப்பார்கள். ஒருவரும் நிறுத்தவில்லை.

திரும்பி வரும்போது மரத்தின் கீழே அவன் இல்லை. புல் மட்டும் அமிழ்ந்து கிடந்தது. “ஆஸ்பத்திரி” என்று கங்காணி றோட்டுப் பக்கம் கையைக் காட்டினான். நான் அந்த றோட்டில்தான் நின்றேன் அக்கா. வயலிலிருந்து ஒரு வாகனமும் அதால் வரவில்லை. பின்பக்கம் தோட்டத்துக்குள்ளால் ஒரு மண்பாதை இருக்கிறது, அது எங்கே போகிறதென்று எனக்குத் தெரியாது. பஞ்சாபிக்காரரைக் கேட்டேன். அவர் குனிந்து பெட்டியை நிரப்பத் தொடங்கினார்.

சுற்றியிருந்த ஆஸ்பத்திரி எல்லாவற்றிலும் விசாரித்தேன். அப்படி ஒரு பெயர் இல்லை என்றார்கள். கங்காணிக்கு அது தெரிந்துவிட்டது. இன்னொரு முறை விசாரித்துத் திரிந்தால் உன்னையும் ஒருவரும் தேட மாட்டார்கள் என்றான். அதன் பிறகுதான் அங்கிருந்து வெளிக்கிட்டேன்.

துவாரகனின் அம்மா எனக்குப் போன் எடுப்பா. “தம்பி, அவன் ஏன் போனை நிப்பாட்டி வைச்சிருக்கிறான்?” என்று கேட்பா. தேடுகிறேன் அம்மா என்று சொல்வேன். விசாரணையில் இதை நான் சொல்லவில்லை. செத்துவிட்டான் என்று எப்படிச் சொல்வது, நான் காணவில்லை. உயிரோடு இருக்கிறான் என்றும் சொல்ல ஏலாது. எழுத்தில் எழுதிவிட்டால் அவன் கதை முடிந்துவிடும் போல இருந்தது.

நான் கண்டதை மட்டும் வெரோனிக்காவிடம் சொல்லுங்கோ. காணாததைச் சொல்லாதேங்கோ.
சுரேன்


டோர்ட்மண்ட்
11.08.2019

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் எழும்பிப் பல்கனிக்குப் போய்விட்டார்.

வெரோனிக்கா நீ சொன்னதை அப்படியே கோர்ட்டுக்கு எழுதியிருக்கிறா. உன் உயிருக்கு அங்கே பயம் இருக்கிறது என்பதையும் சேர்த்திருக்கிறா. பதில் வரக் கொஞ்ச நாளாகுமாம்.

எனக்கு அந்த அறையில் நிற்க முடியவில்லை. வேறு அறை தரச் சொல்லிக் கேட்டேன். ஆள் இல்லையாம். வெள்ளிக்கிழமை வயதான சோடி ஒன்று வந்தது. அந்த மனுசி மரத்தடியில் படுத்திருப்பவனைக் கணவனுக்குக் காட்டி, எவ்வளவு நிம்மதியாக இருக்கிறான் பாருங்கள் என்றா. எனக்கு வாய் வரைக்கும் வந்தது. கறுப்புச் சட்டையோடு கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அந்த மனுசி என்னைப் பார்த்துச் சிரித்தா, நானும் சிரித்தேன்.

அவன் நித்திரைதானா என்று அந்த ஓவியர் எழும்பிப் போய்ப் பார்த்திருப்பாரா, சுரேன்?

நேரத்துக்குச் சாப்பிடு. எழுது.
அக்கா


டோர்ட்மண்ட்
15.09.2019

அன்புள்ள தம்பிக்கு,

உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. போன் எடுத்தாலும் நீ கதைப்பதில்லை. சுகமில்லையோ என்று பயமாக இருக்கிறது.

கோர்ட் மறுத்துவிட்டது. வெரோனிக்கா ஒவ்வொரு வரியாக எனக்குச் சொல்லி விளங்கப்படுத்தினா. நீ சொன்னது பொய்யென்று அவர்கள் சொல்லவில்லையாம். தவணை தவறியதற்குக் காய்ச்சல் போதாதாம். மற்றது, இத்தாலியில் பொலிஸ் இருக்கிறது, கோர்ட் இருக்கிறது, முறைப்பாட்டை அங்கேயே போய்க் கொடுக்கலாமாம். படிப்பதற்கு எல்லாம் நியாயமாகத்தான் இருக்கிறது. எங்கே பிழையென்று கையை வைக்க எனக்குத் தெரியவில்லை.

எந்த நாளில் கூட்டிப்போவார்கள் என்று சொல்ல மாட்டார்களாம். எங்கள் வீட்டில் வந்து இருக்கலாமா என்று கேட்டேன். ஹைமை விட்டுப் போனால் தலைமறைவு என்று எழுதுவார்கள், அலைச்சல்தான் கூடும் என்றா. அத்தான் “வரச் சொல்லு, பிறகு பார்ப்பம்” என்கிறார். நீ என்ன சொல்கிறாய்? எதுவானாலும் சரி. அம்மாவுக்கு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

அக்கா


சாக்சனி
29.09.2019

அன்புள்ள அக்கா,

சுகமில்லாமல் இல்லை. எழுத ஒன்றும் வரவில்லை. அத்தானுக்கு என் நன்றியைச் சொல்லுங்கோ. நான் அங்கே வரவில்லை. கவிசாவுக்கு முன்னால் வைத்து என்னைப் பிடிக்கக் கூடாது.

பையைக் கட்டிக் கட்டிலின் கீழே வைத்திருக்கிறேன். காலையில் வாசலில் வாகனச் சத்தம் கேட்டால் எரித்திரியாக்காரன் எழும்பி என்னைத்தான் பார்க்கிறான்.

போன ஞாயிறு துவாரகனின் அம்மா எடுத்தா. இனி எனக்குப் போன் இருக்குமோ தெரியாது, அதனால் கண்டது முழுவதையும் சொன்னேன். விழுந்தது, தூக்கினது, றோட்டு, புல் அமிழ்ந்திருந்தது, எல்லாம். அவ அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகமாயிருந்திருக்கும். “அந்த மரம் நல்ல நிழலோ தம்பி?” என்று கேட்டா.

ஓம் அம்மா, நல்ல நிழல் என்றேன்.

சுரேன்


இத்தாலி
27.10.2019

அன்புள்ள அக்கா,

நான் உயிரோடு இருக்கிறேன். பயப்படாதேங்கோ. என்னைக் கூட்டிப்போன அன்று போனில் ஒரு நிமிசம்தான் கதைக்க விட்டார்கள். உங்கள் குரல் கேட்டதே போதும்.

ரோமில் இறக்கி ஒரு கடதாசித் துண்டைத் தந்து இன்ன ஊர் பொலிசுக்குப் போ என்றார்கள். இருக்க இடம் இல்லை. கொஞ்ச நாள் ரயில் ஸ்ரேசனில் படுத்தேன். போனும் அங்கேதான் களவு போனது. பிறகு யோசித்தேன். இந்த நாட்டில் எனக்கு வேலை என்று ஒன்று இருந்தால் அது துவாரகனைத் தேடுவதுதான். பழைய ஊருக்கு வந்துவிட்டேன்.

கோர்ட் சொன்னபடியே முறைப்பாடு கொடுக்கப் போனேன். பொலிஸ்காரன் மரியாதையாகத்தான் கதைத்தான். துவாரகனின் முழுப் பெயர், பிறந்த திகதி, கடவுச்சீட்டு இலக்கம் கேட்டான். எனக்கு அவனைத் துவாரகன் என்று மட்டும்தான் தெரியும். அவன் அம்மாவின் நம்பரும் போனோடு போய்விட்டது. பேனையை மூடி வைத்துவிட்டான்.

பிறகு அந்த வயலுக்குப் போனேன். இப்போது அங்கே தக்காளி இல்லை, பூக்கோவா வெட்டுகிறார்கள். பழைய ஆட்கள் ஒருவரும் இல்லை. கங்காணி வானில் சாய்ந்துகொண்டு நின்றான். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். என்னை அவனுக்கு அடையாளமே தெரியவில்லை அக்கா. “வேலை வேணுமோ?” என்று கேட்டான்.

நான் வானில் ஏறினேன். வேறென்ன செய்வது? உள்ளே இருந்தால்தான் ஆட்களிடம் கேட்கலாம்.

முகவரி கீழே இருக்கிறது. குருமூர்த்தி அண்ணையின் மளிகைக் கடை. தமிழ்நாட்டுக்காரர், கடிதம் வந்தால் எடுத்து வைப்பார். அம்மாவுக்கு நான் நல்ல வேலையில் இருக்கிறேன் என்று சொல்லுங்கோ.

சுரேன்


டோர்ட்மண்ட்
24.11.2019

அன்புள்ள தம்பிக்கு,

இது கையில் கிடைக்கும்போது நீ சுகமாக இருக்க வேண்டும். வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை.

உன் கடிதத்தை வாசித்ததும் லீவு கேட்டேன். சனி, ஞாயிறு, திங்கள் தந்தார்கள். என்னிடம் ஜெர்மன் கடவுச்சீட்டு இருக்கிறது, நான் அங்கே போய்வர ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. விமானத்தில் பக்கத்தில் இருந்த பெண் விடுமுறைக்கா என்று கேட்டா. ஓம் என்றேன்.

பாரி நகரத்தில் இறங்கி, ரயில் எடுத்து, கடைக்கு வந்தேன். குருமூர்த்தி அண்ணை சாமான் எடுக்க எங்கேயோ போய்விட்டார், கடை பூட்டு. பொறுத்திருக்க முடியாமல் வாடகைக்கு ஒரு கார் பிடித்து வயல் வயலாகப் போனேன்.

அந்த டென்மார்க்காரர் பொய் வரையவில்லை சுரேன். பாதை, தூசி, குனிந்து நிற்கும் ஆட்கள், மலை நீலமாகத் தெரிவது, எல்லாம் அப்படியே. எனக்கு மலை தெரிந்தது. நான் காருக்குள் இருந்தேன்.

இறங்கி இறங்கிக் கேட்டேன். “சுரேன், சுரேன்” என்று உன் படத்தைக் காட்டினேன். என்னிடம் இருப்பது நீ ஊரில் எடுத்த படம், கன்னம் நிறையச் சதையோடு. ஒருவருக்கும் தெரியவில்லை. என் கறுப்புக் கோட்டைப் பார்த்துவிட்டு அரசாங்க ஆளென்று நினைத்தார்களோ என்னவோ, சிலர் கிட்டவே வரவில்லை. ஞாயிறும் அப்படியே போனது.

திங்கள் காலை கடை திறந்தது. குருமூர்த்தி அண்ணை என்னை இருத்தித் தேத்தண்ணி தந்தார். “சுரேன்னு கேட்டா இங்க யாருக்கும் தெரியாதும்மா. அந்தத் தம்பி வயல்ல எல்லார்கிட்டயும் துவாரகன், துவாரகன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். மத்தவங்களுக்கு அது பாஷை புரியல. அதோட பேரே அதுதான்னு நெனச்சுட்டாங்க. துவாரகான்னு கூப்பிட்டா தம்பி திரும்பிப் பாக்குது,” என்றார்.

விமானத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அவர் காட்டிய வயலுக்குத் திரும்ப ஓடினேன். வரம்பில் நின்று, துவாரகன் எங்கே, துவாரகன் எங்கே என்று கேட்டேன். கூப்பிட்டது உன்னைத்தான். இந்த முறை எல்லோரும் நிமிர்ந்தார்கள். ஒருவர் வந்து கைச் சாடையில் சொன்னார். புதன்கிழமை உன்னையும் இன்னும் சிலரையும் ஒலிவ் காய் ஆய்வதற்கு வேறொரு வானில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். எந்தப் பக்கம் என்று கேட்டேன். அவர் மலைப் பக்கம் முழுவதையும் சுற்றிக் கையைக் காட்டினார்.

நான் திரும்பி வந்துவிட்டேன். வந்துவிட்டேன் என்று எழுதக் கை கூசுகிறது. செவ்வாய்க்கிழமை காலை எனக்கு வேலை இருந்தது. அந்த அறையில்தான் நிற்கிறேன்.

நேற்று அம்மா எடுத்தா. நீ நல்ல வேலையில் இருக்கிறாய், நேரமில்லை என்று சொன்னேன். போனைக் கவிசாவிடம் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டேன்.

யாருடைய போனிலாவது ஒரு சத்தம் எடு. கதைக்காவிட்டாலும் பரவாயில்லை. மூச்சு விட்டால் நீதானென்று எனக்குத் தெரியும்.

உறையை எடுத்து வைத்து, மேலே பெயரை எழுத வெளிக்கிட்டுக் கையில் பேனையோடு இருக்கிறேன். குருமூர்த்தி அண்ணையிடமிருந்து இது யார் யாருடைய கைக்கெல்லாம் மாறி உன்னிடம் வரப்போகிறதோ தெரியாது. அவர்களுக்கு எந்தப் பெயர் தெரியுமோ அதுவும் தெரியாது. இரண்டு பெயரையும் எழுதுகிறேன்.

அக்கா சாரங்கா